இரண்டாவது சிடி

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தினமும் காலையில் ரயிலில் வாலாஜா ரோடு வரை போகிற ஐந்து பேர் கோஷ்டி எங்களுடையது. பேச்சு முழுக்க சினிமாதான். எந்தப் படத்துக்கு டீசர் வந்தது, எது தள்ளிப்போனது, எந்த ஓடிடி எவ்வளவுக்கு வாங்கியது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே காட்பாடி வந்துவிடும். இரண்டு பேர் முதல் நாள் முதல் காட்சி கட்சி. இரண்டு பேர் "நாலு வாரத்துல வீட்டுக்கே வரப்போவுது, எதுக்குக் காசு" என்கிற கட்சி. நான் மட்டும் டிவிடி, ப்ளூரே வாங்கிச் சேர்க்கிறேன். 140 வரை சேர்ந்துவிட்டது. கோஷ்டியில் என் பெயர் "பழைய இரும்புக் கடை". போன மாதம் அம்மாவும் பரணைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

எல்லாமே போனில் கிடைக்கும்போது நான் செய்வது பைத்தியக்காரத்தனமா? ட்ரெய்லர் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகலாமா? அப்புறம், வரப்போகும் படங்களில் நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

கே., குடியாத்தம்

*

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். எதற்கும் காத்திருக்கவில்லை. ரிலீஸ் தேதியை நம்பிப் பலமுறை ஏமாந்தவன் நான். பொங்கல் என்பார்கள், கோடை விடுமுறை என்பார்கள், கடைசியில் ஆயுத பூஜைக்கு வரும். டீக்கடையில் யாராவது பார்த்துவிட்டு வந்து திட்டினால்தான் படம் வந்துவிட்டது என்று நம்புகிறேன்.

ட்ரெய்லருக்கு வருவோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மட்டமான காகிதம், மையெல்லாம் விரலில் ஒட்டும். பாட்டுகளுக்கு முன்னால் அரைப் பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் இருக்கும். நாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகும், நாயகன் பட்டணத்தில் ஜெயிலில் இருப்பான், அந்த இடத்தில் சட்டென்று நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டுவிடுவார்கள். அந்தச் சுருக்கத்தை எழுதியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. இன்றைய ட்ரெய்லர் வெட்டுகிறவருக்கு அது தெரியாமல் இல்லை, நிறுத்த விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டரை நிமிடத்தில் வில்லன், தங்கச்சி, இடைவேளை, க்ளைமாக்ஸில் எரியும் குடோன் வரை வந்தாக வேண்டும். அதனால் நான் டீசரோடு நின்றுகொள்கிறேன். ட்ரெய்லரைப் படம் பார்த்த பிறகு பார்ப்பேன். படத்தில் இல்லாத இரண்டு மூன்று ஷாட் கட்டாயம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு அல்ப சந்தோஷம். உங்கள் ரயில் கோஷ்டிக்கு அது சரிப்படாது. ஐந்து பேர் ஒரே போனில் தலையை விட்டுக்கொண்டு பார்க்கிற ட்ரெய்லர் வேறு சங்கதி. பாருங்கள்.

இனி உங்கள் பரண்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடலாம். வட்டு சேர்க்கிறவர்கள் எல்லாரும் "பிக்சர் குவாலிட்டி" என்று ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் வட்டு என்று முதலில் நுழைந்தது விசிடி. அதன் படம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி, அவ்வளவுதான். இன்றைக்கு யூடியூபில் டேட்டா தீர்ந்துபோன நேரத்தில் வருகிற கலங்கல் படம் கிட்டத்தட்ட அந்தத் தரம்தான். ஒரு சிடியில் 74 நிமிடம் அடங்கும், ஆகவே தமிழ்ப் படம் என்றால் மூன்று சிடி. அதைத்தான் தெருவே கூடிப் பார்த்தோம். அதற்கும் முன்னால் வீடியோ கேசட் ஓட்டுகிற டெக். வடாற்காடு கிராமங்களில் திருவிழா, காதுகுத்து என்றால் வேலூரிலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். மூன்றாவது படத்தில் கேசட் தேய்ந்து, எல்லார் முகத்திலும் மழை பெய்யும். யாரும் எழுந்து போனதில்லை.

ஆனால் இன்றைய நல்ல வட்டில் வித்தியாசம் இருப்பது நிஜம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடிடியில் 4கே படம் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரப் படம் மொத்தம் 17 ஜிபி. அதே 4கே ப்ளூரே வட்டில் 100 ஜிபி வரை இடம் உண்டு. பகல் காட்சியில், இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சியில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டு, புகை, மழை வரும்போது பாருங்கள். ஓடிடியில் சுவரோரத்து இருட்டு கட்டம் கட்டமாக உடையும், வட்டில் இருட்டு இருட்டாகவே இருக்கும். சத்தத்திலும் அப்படித்தான். இதை ரசிக்க நல்ல டிவி வேண்டும், ப்ளேயர் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்க வேண்டும். அதோடு ப்ளூரேயில் மண்டலப் பிரச்சினை உண்டு, ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து ப்ளேயரில் ஓடாது. நமக்கு சி மண்டலம், அமெரிக்க வட்டு பெரும்பாலும் ஏ. காசு கொடுத்து வரவழைத்துவிட்டு "ப்ளே ஆகாது" என்று திரையில் படித்தவர்களில் நானும் ஒருவன். 4கே வட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நீங்கள் 140 வட்டு சேர்த்தது இதற்காக இருக்காது என்று நினைக்கிறேன். நான் சேர்த்ததும் இதற்காக இல்லை.

2007 வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது டவுசர் போட்டிருப்பீர்கள். வேலூர் லாங் பஜாரில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் கொட்டி வைத்து விற்றார்கள். திருட்டு விசிடி விலையிலேயே ஒரிஜினல்! நான் வாரம் இரண்டு வாங்கினேன். பிறகு பென்டிரைவ் வந்தது, போன் வந்தது, 2018-ல் அந்தக் கம்பெனியையே கலைக்கச் சொல்லி உத்தரவாயிற்று. நான் வழக்கமாகப் போகும் சிடி கடை மொபைல் ரீசார்ஜ் கடையாகி, இப்போது ஆவின் பாலகமாக இருக்கிறது. கடை மூடிய அன்று ஒரு அரிசி மூட்டைப் பை நிறைய வாரிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து சில படங்களைப் பற்றி இங்கே எழுதியும் இருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் இன்றைக்கு எந்த ஓடிடியிலும் இல்லை. உரிமை யாரிடம் என்று தெரியாத படங்கள், தயாரிப்பாளர் இறந்து வாரிசுகள் வழக்கில் நிற்கிற படங்கள், யாரும் கேட்காத படங்கள்.

"எல்லாமே போனில் கிடைக்கும்போது" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே கிடைக்கவில்லை, தம்பி. போனில் இருப்பதைத்தான் எல்லாம் என்று நாம் பழகிக்கொண்டோம். இருப்பதும் நிலைக்காது. உரிமைக்காலம் முடிந்தால் ஒரு ராத்திரியில் காணாமல் போகும். நானே ஒரு தளத்தில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்திக் காசு கட்டி ஒரு படம் வைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். கேட்டதற்கு, நீங்கள் வாங்கியது பார்க்கும் அனுமதியைத்தான் என்று பதில் வந்தது. இந்தச் சொல் விளையாட்டுக்காகவே கலிஃபோர்னியாவில் சட்டம் போட்டிருக்கிறார்கள். 2025 முதல் வெறும் அனுமதியை விற்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது.

தியேட்டர் கட்சி நண்பர்களிடம் இன்னொன்று சொல்லுங்கள். இப்போது தியேட்டரிடமும் படம் கிடையாது. அந்தக் காலத்தில் ரிலீஸுக்கு முந்தின நாள் "பெட்டி வந்துருச்சா?" என்று கேட்போம். இரும்புப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது வருவது ஒரு ஹார்ட் டிஸ்க், அல்லது அதுவும் இல்லாமல் சாட்டிலைட் வழியாகவே இறங்கிவிடும். அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும், அது மெயிலில் வரும். இந்தப் புரொஜெக்டரில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எழுதிய சாவி. ஒரு தடவை எங்கள் ஊர்த் தியேட்டரில் 9 மணிக் காட்சிக்குப் போயிருந்தேன். 2023-ல் ஒரு ரசிகர் கீழே விழுந்து இறந்த பிறகு விடியற்காலைக் காட்சிகளை நிறுத்தி, 9 மணிதான் முதல் காட்சி என்று ஆகியிருந்த நேரம். ஒன்பதேகால், ஒன்பதரை, திரை வெள்ளையாகவே இருக்கிறது. விசில். தண்ணீர் பாட்டில் பறக்கிறது. மேலே ஏறிப் போய் ஆபரேட்டரைப் பார்த்தால் மனுஷன் பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெயிலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். "கீ வரலைங்க. ஃபைனான்ஸ் பஞ்சாயத்து முடியலையாம்." படம் அவர் காலடியில் பெட்டிக்குள்தான் இருந்தது. மெட்ராஸில் யாரோ கையெழுத்துப் போட்டால்தான் வேலூரில் திறக்கும். பத்து இருபதுக்குச் சாவி வந்தது.

நாலு வாரக் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய்வர ஆகும் செலவு எனக்கும் தெரியும், பாப்கார்ன் உட்பட. இந்த நாலு வாரமும் வானத்திலிருந்து விழவில்லை. 2013-ல் கமல்ஹாசன் விஸ்வரூபத்தை டிடிஎச்சில் முன்கூட்டியே காட்டப் புறப்பட்டபோது தியேட்டர்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் நேராக ஓடிடிக்குப் போனபோதும் அதே கோபம். அடுத்த பொங்கலுக்கு வந்த மாஸ்டர் பதினாறாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது, யாராலும் தடுக்க முடியவில்லை. வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன, அதனால்தான் லியோவின் இந்திப் பதிப்பு அங்கே அந்தத் திரைகளில் ஓடவில்லை. இந்தச் சண்டையெல்லாம் முதல் எட்டு வாரத்தைப் பற்றியது. எண்பது வருடம் கழித்து அந்தப் படம் எங்கே இருக்கும் என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்டதில்லை.

எண்பது என்ன, நூறு வருடக் கதையே நம் ஊரில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான கீசக வதத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். மெட்ராஸில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனாவுக்குப் போய் ஒரு வெள்ளைக்காரரிடம் கேமரா கற்றுக்கொண்டு வந்து கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ போட்டார். ஊமைப்படம். அதன் பிரிண்ட் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. கோட்டையைப் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். "படம் எங்கே பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். எங்கேயும் பார்க்க முடியாது.

தென்னாட்டு ஊமைப்படங்களில் தப்பியது ஒன்றே ஒன்று, 1933-ல் வந்த மார்த்தாண்ட வர்மா. அது தப்பியது எப்படி என்று நினைக்கிறீர்கள்? படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரத்துப் புத்தகக் கடைக்காரர் உரிமை மீறல் என்று வழக்குப் போட்டார், படம் நின்றுபோனது, பெட்டி அவர் கடையிலேயே கிடந்தது. நாற்பது வருடம் கழித்து, 1974-ல், புனேயிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கிப் போனது. நன்றாக ஓடிய படங்களெல்லாம் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து அழிந்தன. ஓடாமல் ஒருவர் அறையில் கிடந்தது பிழைத்தது. உங்களைப் பழைய இரும்புக் கடை என்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வது சரி. பரண் ஆகாது. நம் பக்கத்து மே மாத வெயிலில் கூரைக்கு அடியில் வட்டு அப்பளம் மாதிரி வளையும். வீட்டிலேயே வெயில் படாத கீழ் அலமாரி எதுவோ அதில் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். மேல்புறம் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். கடையில் பர்ன் செய்து கொடுத்த வட்டுகள் இருந்தால் அவற்றை இப்போதே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள், அவற்றின் சாயம் சூட்டில் வெளுத்துவிடும். கம்பெனி அச்சடித்தவை அவ்வளவு சீக்கிரம் போகாது. புதுத் தமிழ்ப் படம் பெரும்பாலும் வட்டாக வருவதே இல்லை என்பதால் உங்கள் அலமாரி இனி வேகமாக வளரப்போவதும் இல்லை. அதை அம்மாவிடம் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார்.

அப்புறம் எனக்கு ஒரு உதவி. அந்த மூட்டைப் பையில் வந்த ஒரு எண்பதுகளின் படம், மூன்று விசிடி செட். திறந்தால் ஒன்றும் மூன்றும்தான் இருக்கிறது. பெயரைப் பொதுவில் சொன்னால் பத்துப் பேர் யூடியூப் சுட்டி அனுப்புவீர்கள், அதில் இருபது நிமிடம் வெட்டியிருக்கிறது, வெட்டியது முழுக்க இந்த இரண்டாவது சிடியில் வருகிற பகுதி. பெயரைத் தனியாக அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்யும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.