வயதான, கண் தெரியாத கிளிக்குக் கூட்டை வசதியாக அமைப்பது எப்படி?

புதுக் கூடு வாங்கும் யோசனை இருந்தால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கிளிக்குக் கண் தெரியவில்லை என்பது இப்போதுதான் உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று உள்ளுக்குள் உறுத்துகிறது. எதையாவது வாங்கிக் கொடுத்தால் அந்த உறுத்தல் ஆறும் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் எங்கள் கிளியின் நெஞ்சுத் தோல் கிழிந்தது.

எங்கள் வீடு கிளிநொச்சிக்குக் கிட்ட, வட்டக்கச்சியில். 2010இல், சண்டையில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த நேரம், கிணற்றடி மாமரத்தின் கீழ்க்கொப்பில் ஒரு கிளி இருந்தது. வன்னியில் கிளிக்கு என்ன குறை? கிளிநொச்சி என்று ஊருக்கே பெயர். போதாததற்கு, ஷெல்லடியில் தலை போன பனைகளில் கிளிகள் பொந்து வைத்துக் குடியேறியிருந்தன. ஆனால் இது கையை நீட்டினால் ஏறியது. ஒரு பக்கச் சிறகு கத்தரித்திருந்தது. யாரோ ஆசையாக வளர்த்தது. கழுத்தில் சிவப்பு வளையம் இருந்தபடியால் ஆண் என்று தெரிந்தது. அந்த வளையம் முழுதாக விழ மூன்று வயதளவில் ஆகும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. ஆக, இன்றைக்கு அது நல்ல கிழவன்.

அதற்குத் தெரிந்த ஒரே சொல் ‘அக்கா’. எங்கள் வீட்டில் அக்கா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. நான் மூத்தவன், பின்னால் இரண்டு தம்பிமார். எந்த வீட்டு அக்கா என்று அயலில் விசாரித்தோம். ஒருவரும் உரிமை கேட்டு வரவில்லை. அந்த நேரத்தில் எத்தனை வீட்டுக்காரர் திரும்பி வராமலே போனார்கள் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கடைசியில் கிளியின் பெயரே அக்கா ஆகிவிட்டது. ஆண் கிளிக்கு அக்கா என்று பெயர், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

காட்டுப் பறவையைக் கூட்டில் அடைத்தது பாவம் என்று கீழே யாராவது எழுத வருவீர்கள். பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சு எடுத்து விற்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சிறகு முளைத்த பிறகு இரண்டு தரம் திறந்துவிட்டேன். முதல் தரம் அன்று பின்னேரமே வந்துவிட்டது. இரண்டாம் தரம் மூன்று நாள் கழித்து, காகம் கொத்திய தலையோடு வந்து மாமரத்தில் இருந்து கத்தியது. அதற்கு மேல் நான் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் பழைய கூடு, அப்பா பழைய கட்டில் சட்டத்தையும் கம்பி வலையையும் வைத்து அடித்த பெட்டி. பார்க்க அழகில்லை. (துத்தநாகம் பூசிய வலையைக் கிளி கொறித்தால் நஞ்சு என்று சொல்வார்கள். உண்மைதான். புது வலையென்றால் வினாகிரி தொட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டுப் பாவியுங்கள், கொறிக்கிற கிளியென்றால் அதுவும் வேண்டாம்.) 2022இல் அதன் கண்ணில் அரிசி கழுவிய தண்ணி மாதிரி ஒரு மங்கல் விழுந்திருந்ததைக் கண்டோம். ஆனால் கூட்டுக்குள் ஏறி இறங்கித் திரிந்தது, சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது. அரைப் பார்வையாவது இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அடுத்த வருடம் கனடாவிலிருந்து மச்சான் வந்தார். கூட்டைப் பார்த்துவிட்டு, “என்னடாப்பா, மனுசர் சிறையில இருந்தது காணாதே” என்றார். போகும்போது காசு தந்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் போய் வெள்ளை நிறத்தில், வட்டமாக, மேலே கும்பம் மாதிரிக் கூராக, என் இடுப்புயரத்துக்கு ஒரு கூடு வாங்கி வந்தேன். தடிகள் எல்லாம் ஒரே தடிப்பில் வழுவழுவென்று இருந்தன. பின்னேரம் அக்காவை அதற்குள் விட்டு, உச்சித் தடியில் இருத்திவிட்டு, எல்லோருமாக நின்று பார்த்தோம். அது அசையவே இல்லை. புது இடம், வெட்கப்படுகிறது என்று சிரித்தோம்.

இரவு பன்னிரண்டு மணியளவில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். பிறகு சிறகடி. ரோர்ச் அடித்துப் பார்த்தால் கீழே கம்பித் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நெஞ்செலும்புக்கு மேல் தோல் ஒரு விரற்கடை கிழிந்து இரத்தம்.

விடிந்ததும் கால்நடை வைத்தியரிடம் ஓடினேன். எங்கள் பக்கத்தில் அது மாடும் ஆடும் கோழியும் பார்க்கிற இடம். ‘கிளிக்கு வருத்தமாம்’ என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் உள்ளே இருந்த இளம் டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, கண்ணுக்குச் சின்ன ரோர்ச் அடித்துப் பார்த்தார். “ரெண்டு கண்ணிலயும் புரை ஐயா. இது நேற்று முந்தநாள் வந்ததில்லை.” அப்படியென்றால் பழைய கூட்டில் எப்படி ஏறி இறங்கியது என்று கேட்டேன். “மனப்பாடம்” என்றார். கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற கிளி கூட்டைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுமாம். இடம் மாறினால்தான் வீட்டுக்காரருக்கே தெரியவருமாம். ஒப்பரேஷன் பற்றியும் கேட்டேன். பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் மயக்க மருந்தே ஆபத்து என்றார். ஏ9 வீதியில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு குருட்டுக் கிழவனைப் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போக எனக்கும் மனம் வரவில்லை. அதற்காக என்னைத் திட்ட வேண்டாம். கிட்ட இருப்பவர்கள் போய்க் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கும் புரை இருந்து, வெட்டி வில்லை வைத்தது. அதற்கு முன் இரண்டு வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தவர். அவர் ஒன்றும் பேசாமல் புதுக் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசலால் கையை உள்ளே விட்டார். கம்பியைத் தடவிக்கொண்டே போனார். கை சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கண்ணை மூடியபடியே கேட்டார்: “தம்பி, எங்கையடா இதில மூலை?”

வட்டக் கூட்டில் மூலை இல்லை. எங்கே தொடங்கினோம், எங்கே நிற்கிறோம் என்று பிடிக்க ஒரு இடம் இல்லை. அன்றைக்கே பழைய பெட்டியைக் கழுவி, பழைய ஆணியில், பழைய பக்கம் பார்க்கத் தொங்கவிட்டேன். அக்கா உள்ளே போய் அலகால் மூலைக் கட்டையை ஒரு தரம் தொட்டது. அடுத்த நிமிடம் தண்ணீர்ப் பக்கம் நடந்தது.

அதனால் நான் சொல்வது, கூடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியதை ஒவ்வொன்றாக, கிழமைக்கு ஒன்றாக மாற்றுங்கள். நான் முதலில் தடியைத்தான் பதித்தேன், அதுவும் ஒரே நாளில் இல்லை. நாலைந்து நாளுக்கு ஒரு தரம் இரண்டு விரல் இறக்கி இறக்கி, கடைசியில் கூட்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். விழுந்தாலும் அடிபடாது. தடி கொய்யாக் கொப்பு, பட்டையோடு. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. ஒரே தடிப்பான தடியில் காலம் முழுக்க இருக்கும் கிளிக்கு உள்ளங்காலில் புண் வரும். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைப் பலகை அடித்திருக்கிறேன். கிழவனுக்குப் பிடித்துப் பிடித்துக் கால் ஓய்ந்துபோகும், அதில் ஏறிச் சும்மா நிற்கும். தரையிலிருந்து தடிக்கு ஒரு கொப்பைச் சரித்துக் கட்டியிருக்கிறேன், விழுந்தால் தானே ஏறி வர.

கீழே துவாய் விரிக்காதீர்கள். துவாயின் நூல் வளையத்தில் நகம் மாட்டும், கண் தெரியாதது இழுத்து இழுத்து நகத்தையே பிடுங்கிக்கொள்ளும். பழைய சாரத்தை மடித்து விரித்து, அதற்கு மேல் பேப்பர் போட்டால் போதும். பேப்பரை நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

சாப்பாட்டுக் கோப்பையும் தண்ணீர்க் கோப்பையும் கனமான பீங்கானாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் சாப்பாடு இடது, தண்ணீர் வலது. வைத்ததும் நகத்தால் விளிம்பில் மூன்று தரம் தட்டுவேன், அது வரும். கழுவிவிட்டு வைக்கும்போது இரண்டு விரல் தள்ளி வைத்தாலும் தடுமாறுகிறது. அதனால் மகள் தன் நகப்பூச்சால் வெளிப்பக்கச் சட்டத்தில் ரோஸ் நிறத்தில் புள்ளி வைத்துவிட்டாள், கோப்பைக்கு ஒன்று, தடிக்கு இரண்டு. வீட்டில் யார் கழுவினாலும் புள்ளி பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கூட்டின் இரண்டு பக்கம் சுவரோடு இருக்கட்டும். எந்தப் பக்கத்தால் ஆள் வரும் என்று அதற்குத் தெரிய வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மூன்றாம் பக்கத்துக்கும் சீலை கட்டுகிறேன், புழுதி அப்படி. குசினிக்குள் வைக்கவே வேண்டாம். விறகுப் புகை ஒரு பக்கம், ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி இன்னொரு பக்கம். அந்த ஆவியில் பறவை நிமிடக்கணக்கில் செத்துப்போகும். நுளம்புத் திரியும் வேண்டாம், கூட்டுக்கு மேல் நுளம்பு வலையைப் போடுங்கள். எறும்புக்கு மறக்காதீர்கள். தரையோடு இருக்கும் கிழட்டுக் கிளியை முசுறு மொய்த்தால் அதற்குத் தட்டிவிடக்கூடத் தெரியாது. எங்களுடையது தொங்குகிற கூடு என்பதால் தொங்கும் கம்பியில் எண்ணெய்ச் சீலை சுற்றியிருக்கிறேன். மேசையில் வைப்பவர்கள் மேசைக் கால்களை மீன் ரின்னில் தண்ணீர் விட்டு அதற்குள் வையுங்கள்.

கண் போனால் காதுதான். தொடுவதற்கு முன் பேச வேண்டும், கிட்டப் போவதற்கு முன்னும் பேச வேண்டும். அம்மா பொல்லால் நிலத்தில் தட்டுவார், நான் சீட்டியடிப்பேன். கையில் ஏற்றுவதற்கு முன் ‘ஏறு’ என்று சொல்லிவிட்டுத்தான் விரலை நெஞ்சுக்குக் கொண்டுபோவேன். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ரேடியோ மெதுவாகப் பாடும்.

சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மனைவி ஆடு வாங்க ஒரு நுண்கடன் எடுத்திருந்தார். நாலு பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்கிற கடன். வசூலுக்கு வருகிற தம்பி வியாழக்கிழமை வந்து மோட்டார்சைக்கிளை நிறுத்தமாட்டார், கேற்றைப் பிடித்து உலுக்குவார். காசு மேசையில் எண்ணி வைத்திருந்தாலும் உலுக்குவார், அயலுக்குக் கேட்க வேண்டுமே. இரண்டு ஆடு செத்த வருடமும் வந்து உலுக்கினார். சாப்பிடாமல் கட்டினோம், குழுவில் ஒருத்தி தோட்டை விற்றுக் கட்டினாள். அவள் அன்றைக்கு எங்கள் விறாந்தையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடன் முடிந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஒழுங்கையில் அந்த மாதிரி மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அக்கா மூலைக்குப் போய் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். என் மனைவியும் அடுப்படியில் ஒரு கணம் நிற்பார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். கேற் உலுக்குகிற சத்தம் கூட்டுக்கு எட்டாத பக்கமாகக் கூட்டைத் தொங்கவிடுங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல இல்லை. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்பு ஏறும், விற்றமின் ஏ கிடைக்காது. முருங்கையிலை, பூசணி, கரட், பப்பாப்பழம் கொடுங்கள். கச்சான் (நிலக்கடலை) பூஞ்சணம் பிடித்ததென்றால் ஒரு மணியும் வேண்டாம். பட்டர் ஃபுரூட், சொக்லேட், தேத்தண்ணி மூன்றும் கூடாது. கொச்சிக்காய் தாராளமாகக் கொடுக்கலாம், பறவைக்கு உறைப்புத் தெரியாது. அக்கா அதன் விதையைத்தான் முதலில் தின்னும். கிழமைக்கு ஒரு தரம் சந்திக் கடையின் மின்தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். 120 கிராமுக்குக் கிட்ட நிற்கும். பறவை வருத்தத்தை வெளியே காட்டாது, நிறை குறைவதுதான் முதல் அடையாளம் என்று அந்த டொக்டர் பிள்ளை சொல்லித் தந்தது.

‘கண் தெரியாததை வைத்து என்ன செய்யப் போறாய், விட்டுவிடு’ என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் பதில் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

அந்த வட்டக் கூடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடித்தட்டைக் கழற்றிவிட்டு வளவில் வைத்திருக்கிறேன், காகம் தூக்காமல் கோழிக்குஞ்சுகளை அதற்குள் விட்டு மூடுகிறோம். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. வீடியோக் கோலில் அக்காவைக் காட்டச் சொன்னால், அது நித்திரை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.