முடிவு தெரிந்த காதல் கதைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

மும்பை செம்பூரில் இருக்கிறேன், வங்கியில் வேலை. இந்த மழைக்காலம் முழுக்க, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் வாங்கிய பழைய ஆங்கில நாவல்களை ஹார்பர் லைன் ரயிலில் படித்தேன். பாதி என் மகள் தேர்ந்தெடுத்த பதின்வயதுக் கதைகள், மீதி காதல் நாவல்கள். ரெயின்போ ரோவெலின் ‘எலினார் அண்ட் பார்க்’ ரயிலிலேயே அழ வைத்துவிட்டது. ஜென்னி ஹானின் ‘டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ நன்றாகச் சிரிக்க வைத்தது. மற்ற சில காதல் நாவல்களைப் பாதியில் வைத்துவிட்டேன். எல்லாவற்றிலும் இருவரும் சேரப்போகிறார்கள் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ஏன் ஒன்று பிடிக்கிறது, இன்னொன்று சலிக்கிறது? இந்த வயதில் இதையெல்லாம் படிக்கிறாயே என்கிறாள் தோழி. நேரத்தை வீணடிக்கிறேனா?

ஆர்., செம்பூர்

அன்புள்ள ஆர்.,

வீணடிக்கவில்லை. தோழியிடம் அதற்கு மேல் வாதாட வேண்டாம். உங்கள் இன்னொரு கேள்விதான் எனக்குப் பிடித்தது.

சேருவார்கள் என்று தெரிந்துதான் காதல் நாவலைக் கையில் எடுக்கிறோம். அட்டையே சொல்லிவிடுகிறது. அப்புறம் படிக்க இருப்பது இருவருக்கும் நடுவில் நிற்கும் தடை. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே ஒரு நாவல் பிடிக்கிறது அல்லது சலிக்கிறது என்று நினைக்கிறேன். அவன் வேறொரு பெண்ணோடு நிற்பதைப் பார்த்து இவள் விலகிப்போகிறாள். அது அவன் தங்கை என்று கடைசியில் தெரிகிறது. ‘யார் அது’ என்று கேட்டிருந்தால் கதையே இல்லை. நீங்கள் பாதியில் வைத்தவை இந்த ரகமாக இருக்கலாம்.

ஜென்னி ஹானின் லாரா ஜீன் அப்படியா? ஒரு பையன்மேல் வந்த ஆசை தீர்ந்துபோக வேண்டும் என்பதற்காகவே அவனுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் பெட்டிக்குள் வைக்கிறவள். கடிதங்கள் தபாலில் போய்விட்டதும், அவை கிடைத்த பையன்களில் ஒருவனான பீட்டரோடு காதலிப்பதுபோல் நடிக்க ஒப்பந்தம் போடுகிறாள். நிஜமாக விரும்ப அவளுக்குப் பயம். அந்தத் தடையை வேறு யாரும் வந்து விலக்க முடியாது.

1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் இரண்டு வகையும் உண்டு. நாயகி எலிசபெத்தின் அக்கா ஜேனையும் அவள் விரும்பும் பிங்லியையும் பிரித்தது, பிங்லியின் நண்பன் டார்சியின் தவறான கணிப்பு. அதை அவன் ஒப்புக்கொண்டதும் வழி திறந்துவிடுகிறது. எலிசபெத்தையும் டார்சியையும் பிரிப்பது அவர்கள் குணமேதான். நாம் இன்றும் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

சரி, உங்களை அழ வைத்த நாவலுக்கு வருகிறேன். அதில் அவர்கள் சேரவில்லையே! கடைசியில் ஓர் அஞ்சலட்டை வருகிறது, அதில் மூன்று சொற்கள், அவை என்ன என்று ஆசிரியர் சொல்வதில்லை. 1986இன் ஒமாஹா நகரில் பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, பேசாமலேயே காமிக்ஸ் படிக்கும் இருவர், எலினாரும் பார்க்கும். அவள் வீட்டில் தொலைபேசி இல்லை, குளியலறைக்குக் கதவு இல்லை, மாற்றாந்தகப்பன் இருக்கிறான். (பார்க்கின் கொரிய அம்மாவைச் சித்திரித்த விதத்தில் கொரிய-அமெரிக்க வாசகர்கள் கண்ட குறை நியாயமானது. கொரிய-அமெரிக்கரான ஜென்னி ஹானையும் சேர்த்துப் படித்தது நல்லதாயிற்று.) இங்கே தடை வயதுதான். பதினாறு வயதில் வீடு உங்களுடையது இல்லை, பணம் இல்லை, எங்கே வாழ்வது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

நமக்கு இது புதிதே அல்ல. அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணரின் தலைவி, இரவில் காதலனைச் சந்திக்க முடியாமல் செய்யும் தடைகளை வரிசையாகச் சொல்கிறாள். ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் அம்மா தூங்கமாட்டாள். அவள் தூங்கினால் காவலர் சுற்றுவார்கள். அவர்கள் அடங்கினால் நாய் குரைக்கும், நாய் அடங்கினால் நிலவு காயும், நிலவு மறைந்தால் கூகை அலறும், அதுவும் ஓய்ந்தால் கோழி கூவும். எல்லாமே அடங்கிய ஒரு நாளில் அவன் வரவில்லை! வெளியே இருக்கும் தடைகளையெல்லாம் எண்ணி முடித்து, கடைசித் தடையை அவன் நெஞ்சில் கொண்டுபோய் வைக்கிறார் பரணர். பதின்வயதுக் காதலைப் பற்றி இதைவிடக் கச்சிதமாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை.

இதே பாட்டை உங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் தாராவி வீடு. ஒரே ரயிலில் அவள் லேடீஸ் பெட்டியில், அவன் பொதுப் பெட்டியில். மாட்டுங்கா மார்க்கெட்டில் பத்தடிக்கு ஒரு தெரிந்த மாமி. இவ்வளவு இருந்தும், இந்த வயதுக்காரர்களுக்கென்று எழுதப்படும் நாவல்கள் தமிழில் மிகக் குறைவாக இருப்பது எனக்கு உண்மையான வருத்தம். சிறுவர் கதை முடிந்ததும் நம் பிள்ளைகள் நேராகப் பெரியவர்களின் நாவலுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவ வேண்டியிருக்கிறது.

உங்கள் மகளுக்குப் பரணரைக் கதையாகவே சொல்லுங்கள், உரை பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் ஏன் வரவில்லை என்று அவள் நினைக்கிறாள்? பதிலை எனக்கு எழுதுங்கள்.