தூண்டிலும் மலைச் சைக்கிளும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

டர்பனுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மகனுக்குப் பத்து வயது. டிசம்பர் விடுமுறையில் பெர்க் (டிராக்கன்ஸ்பெர்க் மலை) அடிவாரத்தில் ஐந்து நாள் முகாம் என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். காலையில் மலைச் சைக்கிள், மதியத்துக்கு மேல் ஃப்ளை ஃபிஷிங், அதாவது இறகில் செய்த பொய்ப் பூச்சியைக் கட்டி மீன் பிடிப்பது. அன்றிலிருந்து வீட்டில் பஞ்சாயத்துதான். "மூங்கில் குச்சியில் தங்கூசி நரம்பைக் கட்டி, மண்புழு மாட்டி, தாமிரபரணியில் பிடித்தவன் நான். மீன் பிடிக்கக் காசு கட்டிப் படிக்கணுமா? வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்கிறார் என் கணவர். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார்களாம் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரிலிருந்து மாமியார் போனில், "திங்கிறதுக்குப் பிடிச்சா அது ஒரு நியாயம். வாயைக் கிழிச்சுட்டு விடுறது என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கோ மலைச்சரிவு, ஆறு, இடி, பாம்பு என்று வரிசையாகப் பயம். இப்படிப்பட்ட முகாம்களுக்கு ஒத்தாசைக்குப் போவதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அனுப்பலாமா?

பெயர் வேண்டாம்,
ஒரு அம்மா, டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் கேட்டதுதான் கடிதத்திலேயே கனமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர்.

அவர் சிரிக்கட்டும், நானும் சிரித்தவன்தான். எனக்குக் காவிரி வாய்க்கால், கெளுத்தி. ஆனால் நம் ஊர்த் தூண்டிலில் புழுவுக்கும் ஈயக் குண்டுக்கும் கனம் உண்டு. வீசினால் அதுவே தங்கூசியை இழுத்துக்கொண்டு போய் விழும். இங்கே முள்ளில் கட்டியிருப்பது இரண்டு இறகும் கொஞ்சம் நூலும். ஊதினால் பறக்கும், எறிந்தால் காலடியில் விழும். அதனால் கனத்தைக் கயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள். பூச்சு போட்ட தடித்த கயிறு, அதன் நுனியில் ஒன்பதடிக்குக் கண்ணுக்குத் தெரியாத நரம்பு, அதன் நுனியில் இந்த இறகுப் பூச்சி. நாம் வீசுவது கயிற்றை. பூச்சி ஓசிப் பயணி.

அந்தக் கயிறு முன்னால் போக வேண்டுமென்றால் முதலில் முதுகுக்குப் பின்னால் போய் முழுசாக நீள வேண்டும். நீளுமுன் கோலை முன்னால் இழுத்தால் சாட்டை சொடுக்கிய மாதிரி 'டப்'பென்று கேட்கும். போய்ப் பார்த்தால் நுனியில் பூச்சி இருக்காது. புழு மாட்டிப் பழகிய பெரியவர்களிடம்தான் இந்த அவசரம் அதிகம். எனக்கே இரண்டு வருடம் ஆனது.

அதனால் முதல் நாள் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டோம். புல்தரை, முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல். கோல் கடிகார முள் என்று வைத்துக்கொண்டால் முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணி, அதைத் தாண்டக் கூடாது. பின்னால் போய் நிற்கும்போது "ஹோ-விக்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பக்கத்தில் அருவி இருக்கும் ஊரின் பெயர்தான். அதைச் சொல்லி முடிக்கும் நேரம் கயிறு நீளப் போதும். போன வருடம் ஒரு சிறுமி, உங்கள் மகன் வயதுதான், பத்து முறை வீசியும் நூல் அவள் தொப்பியிலேயே விழுந்துகொண்டிருந்தது. "கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாரு" என்றேன். கயிறு காற்றில் சுருள் பிரிந்து நேராவதை அப்போதுதான் முதல்தடவை பார்த்தாள். "ஓ, அது அங்கே வேலை செய்கிறதா!" என்றாள் ஆங்கிலத்தில். அடுத்த வீச்சு நேராகப் போய் விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்தது என்று அதில் ஒன்றும் இல்லை.

சைக்கிளில் இது அப்படியே தலைகீழ். பின்னால் பார்த்தால் விழுவாய், காலடியைப் பார்த்தாலும் விழுவாய். பாதை நடுவே ஒரு கல் கிடந்தால் பிள்ளைகள் பயத்தில் அந்தக் கல்லையே முறைத்துப் பார்ப்பார்கள். வண்டி கண் போகிற இடத்துக்குத்தான் போகும், நேராகக் கல்லில் போய் ஏறும். கல்லுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய இடத்தைப் பார் என்பதுதான் முதல் பாடம். இரண்டாவது, இறக்கத்தில் சீட்டை இறக்கிவிட்டு எழுந்து நிற்பது. பெடல் இரண்டும் ஒரே மட்டம், முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்கியிருக்க வேண்டும், பிரேக்கில் ஒரு விரல் போதும். எந்தப் பிடி முன் பிரேக் என்று ஏறுமுன்பே அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் குட்டிக்கரணம்தான். இதற்குமேல் எழுதிப் புரிய வைக்க முடியாது. ஓட்டினால்தான் வரும்.

இந்த விளையாட்டுக்கு உங்கள் பக்கத்து ஊர் ஒரு தலைநகர் மாதிரி, தெரியுமா? 2013இல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் நடந்தது. மலையிறக்கப் பந்தயத்தில் ஜெயித்த கிரெக் மின்னார் அந்த ஊர்க்காரர். கடைசிக் கட்டத்தில் பின் டயரில் காற்றுப் போய், அந்த வண்டியிலேயே கோட்டைத் தாண்டினார். வித்தியாசம் அரை நொடிக்கும் குறைவு. உங்கள் மகனிடம் இதைச் சொல்லாதீர்கள், டயரில் காற்றில்லாமலே கிளம்பிவிடுவான்.

இப்போது உங்கள் பயம். அதில் பாதி நியாயமானது. எனக்கு அந்தத் தாளில் இடித்தது நேரம். காலையில் சைக்கிள், மதியத்துக்கு மேல் மீன் என்று போட்டிருப்பதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். டிசம்பரில் பெர்க் பக்கம் காலை பளிச்சென்று விடியும். மதியத்துக்கு மேல் மலை முகட்டில் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். அந்த நேரத்தில் திறந்த வெளியில், தண்ணீர் ஓரத்தில், கையில் ஒன்பதடிக் கோலோடு பிள்ளையை நிறுத்துவது எவ்வளவு முட்டாள்தனம்? அந்தக் கோல் கார்பன் நாரில் செய்தது. மின்சாரம் பாயும். மீனுக்கும் காலைதான் நல்லது. டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும், அப்போது பிடித்து விட்டால் நீந்திப் போய்ச் செத்துவிடும். விடிந்ததும் மீன், வெயில் ஏறியதும் சைக்கிள், இடி நேரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து முடிச்சுப் போடப் பழகுவது. இதுதான் வரிசை. ஏன் மாற்ற முடியாது என்று அவர்கள் சொல்லும் காரணத்திலேயே முகாமின் தரம் தெரிந்துவிடும்.

பாம்பு உண்டு, மறைக்கவில்லை. பஃப் ஆடர் என்று ஒரு விரியன். காலடிச் சத்தம் கேட்டு ஓடாது, பாதையிலேயே படுத்துக் கிடக்கும். அதனால் புல்லுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்கீஸ் என்று இங்கே சொல்லும் கான்வாஸ் ஷூவும் நீளக் காலுறையும் கட்டாயம். உண்ணி கடித்தும் காய்ச்சல் வரும், ராத்திரி முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்ஹார்சியா என்ற புழு நோய் கடலோரத் தாழ்நிலத்துத் தண்ணீரில்தான் பெரிய தொல்லை, மலைக் குளிர்நீரில் அவ்வளவு பயமில்லை.

இன்னொன்று கேட்டே ஆக வேண்டும்: முள்ளில் கொக்கி நசுக்கியிருக்கிறதா? முள் நுனிக்குக் கீழே பின்னோக்கிய சின்னக் கொக்கி இருக்கும். குறடால் ஓர் அழுத்து அழுத்தினால் படிந்துவிடும். சில வருடம் முன் ஒரு முகாமில் பதினான்கு பிள்ளைக்கு ஒரே ஆசிரியர், கண்ணாடி யாருக்கும் கிடையாது, கொக்கியும் நசுக்கவில்லை. ஒரு பையன் பின்னால் வீசியது என் காது மடலில் ஏறிவிட்டது. முள்ளின் வளைவில் நரம்பைச் சுற்றி, தண்டை விரலால் கீழே அழுத்திக்கொண்டு, வந்த வழியே வெடுக்கென்று ஒரு இழு. வந்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். ஆனால் அது ஒரு பிள்ளையின் கண்ணாக இருந்திருந்தால் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தொப்பி, கண்ணாடி, நசுக்கிய முள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள்.

"வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்பது பொய்யில்லை. இங்கே டிரவுட் சொந்த மீன் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து முட்டை வரவழைத்து 1890இல் மூய், புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் விட்டார்கள். நம் நீலகிரியிலும் அதே ஆட்கள் அதையேதான் செய்தார்கள். அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை, மலை முழுக்கச் சீகை மரம். இங்கேயும் அதே சீகைக் காடு. முதல் தடவை இந்த மலைக்கு வந்தபோது ஊட்டியில் நிற்கிற குழப்பம் எனக்கு. நம் ஆட்கள் 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் கடலில் கரைவலை இழுத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் டர்பன் கரையில் ஷாட் என்ற கடல்மீனைப் பிடிக்க வரிசையாக நிற்கிறார்கள். பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரிக்க 1953இல் சட்டம் போட்டு, கடற்கரையையும் அப்படியே பிரித்த நாடு இது. அந்தச் சட்டம் நீங்கியது 1990இல். என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் மிச்சமிருப்பது புரட்டாசி, காவடி, சில கெட்ட வார்த்தைகள். ஷாட் மீனைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவார். டிரவுட்டா, சேறு மாதிரி இருக்கும் என்று முகத்தைச் சுளிப்பார். ஆற்றங்கரைக்கு ஒருநாளும் போனதில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்களை யார் கூப்பிட்டார்கள்?" என்றார். உங்கள் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, மாமியார். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. டிரவுட்டின் முகத்திலும் வாயிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் உண்டு என்று 2003இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 'மீனுக்கு வலிக்காது' என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன். கையை நனைக்காமல் மீனைத் தொட்டாலே அதன் மேல் வழவழப்புப் போய்விடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்கத் தூக்கிப் பிடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆற்றில் இந்த மண்ணுக்கே உரிய மஞ்சள்மீன் மாட்டினால், ஸ்கேலி என்பார்கள், கெண்டை ஜாதி, அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அதில் பேச்சில்லை. ஆனால் தின்பதற்கென்றே வளர்த்து அணையில் விட்ட டிரவுட்டை விட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் போகும் முகாமில் பிள்ளைக்கு ஒரு மீன். தலையில் ஒரே அடி, அதைப் பெரியவர் ஒருவர் செய்வோம். பிறகு வயிற்றைக் கீறுவது பிள்ளை.

அதைப் பார்க்க வேண்டும் நீங்கள். இரைப்பையை வெள்ளைத் தட்டில் பிதுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருந்ததெல்லாம் பிரிந்து மிதக்கும். நத்தை, எறும்பு, சிறகு முளைக்காத தும்பிக் குஞ்சு. போன வருடம் ஒன்று அந்தத் தட்டில் இன்னும் காலை அசைத்தது. பையன்கள் மூச்சு விடவில்லை. ஒருவன் தன் பெட்டியைத் திறந்து, அதே பாசிப் பச்சையில் கட்டிய பூச்சியை எடுத்துத் தும்பிக் குஞ்சு பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "என்னுடையது தடிமனாக இருக்கிறது" என்று பிளேடால் இறகைச் சீவ ஆரம்பித்தான்.

டிரவுட்டுக்குச் செதில் பொடிசு, சுரண்டவே வேண்டாம். மாமியாரிடம் கேட்டு ஒரு சின்ன டப்பாவில் மீன் மசாலா அரைத்துப் பையில் வைத்து அனுப்புங்கள். முகாமில் உப்பும் எலுமிச்சையும்தான் வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்