வான் பிரிட்ஜ்: குழாயில் கைவைக்காதீர்கள், யூனிட்டை மாற்றுங்கள்

கேள்வி: அண்ணை, எங்கள் பழைய வானைப் படுத்துறங்கக் கூடியதாக மாற்றி வைத்திருக்கிறோம். ஜேர்மனியிலிருந்து அத்தான் குடும்பம் வந்தால் மன்னார், முல்லைத்தீவு என்று போய்த் தங்குவோம். காஸ், கரண்ட், பற்றறி மூன்றிலும் ஓடும் பிரிட்ஜ் ஒன்று அதில் இருக்கிறது. இப்போது சுவாலை நன்றாக எரிகிறது, குளிர்தான் இல்லை. பின்பக்க மூடியைத் திறந்தால் மூக்கை அரிக்கும் மணம். ஒரு குழாய் மூட்டில் மஞ்சள் தூள் படிந்திருக்கிறது. குழாயை ஒட்டிக் காஸ் நிரப்பித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கூலிங் யூனிட்டை எடுப்பித்து நானே மாற்றலாமா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: மாற்றலாம் தம்பி. ஸ்பனர், ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழகியவர் என்றால், கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டு பிரிட்ஜில் இருக்கும் கொம்பிரசர் இதில் இல்லை. 1922இல் சுவீடனில் வொன் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. கீழே உள்ள கொதிகலனைச் சூடாக்கினால் தண்ணீரிலிருந்து அமோனியா பிரிந்து மேலே போகும், குளிர்ந்து திரவமாகும், ஐதரசனோடு சேர்ந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும், பிறகு மறுபடி தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். கரண்ட் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் ஓடிய பிரிட்ஜுகளை எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதுவும் இதுவும் ஒரே வேலைதான்.

தண்ணீர், அமோனியா, ஐதரசன் மூன்றையும் கூலிங் யூனிட் என்ற குழாய்த் தொகுதிக்குள் தொழிற்சாலையில் அளந்து அடைத்து மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் ரயரில் இருப்பதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு. அதில் ஐதரசன் வேறு. அப்படிப்பட்ட குழாயில் நெருப்பு வைப்பது உயிரோடு விளையாடுவது. வீட்டு பிரிட்ஜ் மெக்கானிக்கிடம் இதை நிரப்பும் சாமானும் இருக்காது.

மஞ்சள் தூளும் மணமும் சேர்ந்து தெரிந்தால் யூனிட் முடிந்தது. அந்த மணம் கசியும் அமோனியா. தூள் சோடியம் குரோமேற்று, குழாய் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. நஞ்சு, புற்றுநோயும் வரவைக்கும். கையுறை, மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். விளக்குமாறால் கூட்ட வேண்டாம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் மொடல் இலக்கம் இருக்கும். அதைப் படமெடுத்து அத்தானுக்கு அனுப்பி, அதற்கே உரிய யூனிட்டை எடுப்பியுங்கள். கப்பலில் போடும்போது உள்ளே அமோனியா இருப்பதைச் சொல்லித்தான் போட வேண்டும்.

வேலையை வெளியில், மரநிழலில் வையுங்கள். சிலிண்டரை மூடிக் கழற்றி, கரண்டையும் பற்றறியையும் பிரித்து, வயர் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்த பிறகே கழற்றுங்கள். பிரிட்ஜை இறக்கி, ஒரு பழைய மெத்தையில் கதவு கீழே இருக்கக் கவிழ்த்துப் படுக்க வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் அலுமினியச் சிறகுகளின் ஸ்குரூக்களை இதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். யூனிட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். தேமோஸ்டாற்றின் மெல்லிய குழாயை நெளியாமல் ஒதுக்கிவிடுங்கள். பின்னால் உள்ள ஸ்குரூ, ஒட்டுநாடா எல்லாவற்றையும் எடுத்தபின் யூனிட் அதன் போம் கட்டியோடு சேர்ந்து மேலே வரும். அடம்பிடித்தால் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். அவசரப்பட்டால் உட்பெட்டியின் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

பழைய யூனிட்டின் புகைக்குழாய்க்குள் ஒரு முறுக்குத் தகடு கம்பியில் தொங்கும். பலர் அதைக் கவனிக்காமல் பழையதோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சூடு கொதிகலனில் ஏறாமல் மேலால் போய்விடும், புது யூனிட்டும் குளிராது. கம்பியின் நீளத்தை அளந்து, புதியதிலும் அதே உயரத்தில் தொங்கவிடுங்கள். ஹீட்டர்களையும் பேர்னரையும் மாற்றிப் பூட்டுங்கள். பேர்னரின் ஜெற்றை ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவிட்டால் போதும். குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், எங்கள் பக்கத்தில் அது வழமை.

இனிச் சொல்லப்போவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. புது யூனிட்டின் குளிர்க்குழாய் படியும் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, வெப்பங்கடத்தும் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். முதலில் பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, ஸ்குரூ ஓட்டைகள் நேராக வருகின்றனவா என்று உறுதிசெய்த பிறகே பூச வேண்டும். வைத்தவுடன், பசை காயமுன், உள்ளிருந்து ஸ்குரூக்களை மாறி மாறி இறுக்குங்கள். இடையில் காற்று நின்றால் அந்த இடத்தில் குளிர் கடக்காது. சுற்றியுள்ள இடைவெளிகளைப் போமாலும் அலுமினிய நாடாவாலும் ஓட்டையே இல்லாமல் அடையுங்கள். ஈரக்காற்று புகுந்தால் பனி கட்டி எல்லாம் வீண்.

மறுபடி பூட்டியதும் காஸ் மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை வைத்துப் பாருங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் உள்ளே படுத்துறங்குகிறவர்கள். பிரிட்ஜின் பின்புறத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் புகை உள்ளே வரும். அதில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமே இல்லை. ஒரு கீறல்கூட விடாமல் அடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். பிரிட்ஜை நிமிர்த்தி ஓர் இரவு விட்டு மறுநாள் போடுங்கள். குளிர் பிடிக்க இன்னொரு நாள் எடுக்கும், பயப்படாதீர்கள்.

சரி, பழையது ஏன் போனது? வான் எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாய்க்கால் பக்கம் சரிந்த முற்றத்திலோ குளக்கட்டின் சாய்விலோ நிறுத்திப் பிரிட்ஜைப் போட்டால், உள்ளே இறங்க வேண்டிய திரவம் வழியில் தேங்கி நிற்கும். கொதிகலன் வற்றிக் காயும், அந்த மஞ்சள் மருந்து சிதைந்து குழாயை அடைக்கும். பிரிட்ஜுக்குள் மேசன்மாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சில்லுக்குக் கீழ் பலகை கொடுத்து நிறுத்துங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் வென்ட் என்ற காற்றுத்துவாரம் உள்ள பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாதீர்கள், சுவாலை அணையும். வெயில் 35 பாகையைத் தாண்டினால் இந்த வகை பிரிட்ஜ் திணறும். மேல் வென்டில் ஒரு சிறிய 12 வோல்ட் காற்றாடி பூட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

கேள்வி: காஸ் பிரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மறுபடி குளிர் வரும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நெடுநாள் பாவிக்காமல் கிடந்த பிரிட்ஜில் சிலவேளை வரும் தங்கச்சி. உள்ளே தேங்கிய திரவம் இடம் மாறுவதால் வருவது அது. மணமும் மஞ்சளும் இருந்தால் கவிழ்த்துப் பயனில்லை.

கேள்வி: மீன் கொண்டுபோகும் வண்டிக்கு காஸ் பிரிட்ஜ் நல்லதா, பற்றறியில் ஓடும் கொம்பிரசர் பிரிட்ஜ் நல்லதா?
– ஒரு வாசகர், முள்ளிவாய்க்கால்

பதில்: கொம்பிரசர்தான். காஸ் பிரிட்ஜின் 12 வோல்ட் ஹீட்டர் பத்து அம்பியருக்கு மேல் இழுக்கும், எஞ்சின் நின்றால் பற்றறி இறங்கிவிடும். கொம்பிரசர் அப்படி விடாமல் இழுக்காது, சரிவையும் இந்த அளவுக்குப் பார்க்காது. கூரையில் சோலர் தகடு ஒன்று போட்டால் பகலில் அதுவே ஓட்டும். ஆனால் மீனுக்கு அது மட்டும் காணாது, ஐஸையும் சேர்த்தே வையுங்கள்.