பலவீனமான அரசு மொழிச் சிறுபான்மையைக் கண்டு ஏன் அஞ்சுகிறது?

எல்லையோரம் வாழும் மொழிச் சிறுபான்மையினரைப் பலவீனமான அரசுகள் ஏன் பாதுகாப்புச் சிக்கலாகவே பார்க்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கும் தமிழன் என்பதால், பதிலை எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தை நிலத்தின் போக்குவரவுக்காக (தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் என்பார்கள்) தமிழில் எழுதிக் கொடுத்த அபேக்ஷையை (விண்ணப்பத்தை) ஓர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்து, மலையாளத்தில் எழுதி வரச் சொன்னார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள 1969 முதல் இடமளிக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி அவர் மேலிடத்துக்கு மனுச் செய்தார். அடுத்த முறை வாங்கிக்கொண்டார்கள். எரிச்சலூட்டும் அனுபவம்தான். ஆனாலும் அந்தத் தமிழ்த் தாளுக்குப் பின்னால் பிரிவினை ஒளிந்திருப்பதாக அங்கே யாரும் ஐயுறவில்லை.

பலவீனமான அரசு அப்படித்தான் ஐயுறும். இங்கே பலவீனம் என்பது படைபலக் குறைவைக் குறிப்பதன்று. பாரி பூசன் போன்ற பன்னாட்டு உறவு அறிஞர்கள் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். இந்நாடு யாருடையது என்ற கேள்விக்கு மக்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட விடை இல்லாத நிலையில், ஆட்சியில் இருப்போர் தம் நாற்காலிக்கு வரும் ஆபத்தையே நாட்டுக்கு வரும் ஆபத்தாகக் கருதிவிடுகிறார்கள். 1971இல் பாகிஸ்தானிடம் பெரிய ராணுவம் இருந்தது. வங்காளிகளை நாட்டின் சமபங்காளிகளாக ஏற்கும் மனம்தான் இருக்கவில்லை.

1956ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு இலங்கை சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கியது. மறு ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் சமரசமாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டது. அலுவலகத்தில் எந்த மொழியில் எழுதுவது என்பதில் தொடங்கிய தகராறு, 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வந்து நின்றது. சிங்களர் பெரும்பான்மையினராக இருந்தும், பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டையும் சேர்த்து எண்ணித் தம்மையே சிறுபான்மையினராக உணர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

அதே 1956 நவம்பர் 1 அன்று இந்தியா மாநில எல்லைகளை மொழிவழியே திருத்தியது. அதற்கு முன்பு, 1954 ஆகஸ்ட் 11 அன்று, அன்று திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் தாய்த்தமிழகத்தோடு இணையக் கோரிய தமிழர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகவே இங்கும் குருதி சிந்தாமல் எதுவும் நடந்துவிடவில்லை. கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் எங்கள் சித்தூரும் கேரளத்தில் நின்றன. ஆனால் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயலும் கடமையை அரசியலமைப்பின் 350அ பிரிவு அவ்வாண்டே மாநிலங்கள் மீது சுமத்தியது. கேட்டது கிடைக்காதவர்களுக்கும் மனுக் கொடுக்க ஒரு வாசல் இருந்தது. (நாகாலாந்திலும் காஷ்மீரிலும் இதே இந்தியா வேறு முகம் காட்டியதையும் நான் மறக்கவில்லை.)

எல்லைக்கு அப்பாலுள்ள இனத்தாரோடுதான் சிறுபான்மையின் விசுவாசம் இருக்கும் என்ற கணக்கும் பெரும்பாலும் தப்புக்கணக்கே. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளச் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அது குறைந்த ஓர் ஆண்டில் தமிழ்நாட்டைக் கண்டித்து எங்கள் பக்கத்து விவசாயிகள் சாலையில் அமர்ந்தார்கள்; என் தந்தையும் அதில் இருந்தார். முழக்கங்களில் பாதி தமிழில்தான் எழுந்தன.