கேம் கேள்வி பதில்: தாரா சிங்கும் கிங்காங்கும் கைக்குள்

போன இதழில் பழைய கையடக்க ரெஸ்லிங் கேம்களில் சொந்தமாக ஒரு வீரரை உருவாக்கும் வசதியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான், அதனால் மற்றவை அடுத்த இதழுக்கு.

கே: சோனியின் கையடக்கக் கருவியான பழைய பி.எஸ்.பி. ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ‘ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006’ வாங்கலாமா? ஆள் உருவாக்குவது அதில் எப்படி? – வேலூர் வாசகர்

ப: பொறுமை இருந்தால் வாங்கலாம். 2005 கடைசியில் டி.எச்.க்யூ. நிறுவனம் வெளியிட்டது. டி.வி.யில் மாட்டி ஆடும் பிஎஸ்2-வில் இருந்ததில் பெரும்பகுதியைச் சின்ன யு.எம்.டி. தட்டுக்குள் திணித்துவிட்டார்கள், அதன் விலையை லோடிங்கில் நாம்தான் கட்டுகிறோம். மேட்ச் தொடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஜெனரல் மேனேஜர் மோடு மட்டும் தனி ருசி. ரா, ஸ்மாக்டவுன் என்ற இரண்டு டி.வி. ரெஸ்லிங் ஷோக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆள் பிடித்து, சம்பளம் பேசி, வாரா வாரம் மேட்ச் போட்டு எதிர் ஷோவை முந்த வேண்டும்.

உருவாக்குவது என்று பார்த்தால் மூக்கு, தாடை, டாட்டூ, ரிங்குக்குள் நடந்து வரும் ஸ்டைல் என்று எல்லாம் உண்டு. ஆனால் அவ்வளவும் தோற்றம். அந்த ஆளைக் கம்ப்யூட்டர் கையில் விட்டுப் பாருங்கள், உங்கள் மாமா முகத்தோடு வேறு யாரோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஆள் எப்படி யோசிக்கிறான், எப்போது களைக்கிறான் என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும் என்றால், கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த ‘ஃபயர் ப்ரோ ரெஸ்லிங்’ பக்கம் வர வேண்டும்.

கே: நீங்கள் சொன்னீர்களே என்று ‘ஃபயர் ப்ரோ’ எடுத்து ஆடினேன். பட்டனை உடைகிற அளவுக்கு அடித்தும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஆளுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டும் ரத்தக் கோடுகூடத் திரையில் இல்லையே? – நாகர்கோவில் வாசகர்

ப: உடைகிற அளவுக்கு அடிப்பதால்தான் தோற்கிறீர்கள். இரண்டு பேரும் நெருங்கினால் தானாகவே கைகோத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடி விழும் நொடியில் ஒரே ஒரு தடவை பட்டனைத் தட்ட வேண்டும். முன்னாலேயே தட்டினாலும் போச்சு, பத்து தடவை தட்டினாலும் போச்சு. அடுத்து, முதல் நிமிடத்திலேயே பெரிய தூக்கு வீச்சுக்கு ஆசைப்படாதீர்கள். எதிராளி அதை அப்படியே திருப்பி உங்களையே கவிழ்ப்பான். முதலில் சின்னப் பிடி, கொஞ்சம் தளர்ந்ததும் நடுத்தரம், கால் தடுமாற ஆரம்பித்த பிறகுதான் பெரியது.

ரத்தக் கோடு வேண்டுமென்றேதான் இல்லை. எவ்வளவு நேரம் எழாமல் கிடக்கிறான், மூச்சு வாங்குகிறானா என்று ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களும் இடையில் நின்று மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும், அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு வாரம் எரிச்சல் வரும், அப்புறம் வேறு ரெஸ்லிங் கேம் பிடிக்காது.

கே: ஏன் அதில் எல்லார் பெயரும் விநோதமாக இருக்கிறது? முகத்தைப் பார்த்தால் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறதே! – பட்டுக்கோட்டை வாசகர்

ப: நிஜ வீரர்களின் பெயரைப் போட லைசென்ஸ் இல்லை, அவ்வளவுதான். ஆள் அவரேதான், பெயர்தான் வேறு.

கே: எங்கள் தாத்தா வாயைத் திறந்தால் அந்தக் கால மல்யுத்த வீரர்கள் தாரா சிங், கிங்காங் குஸ்திதான். அந்த இரண்டு பேரையும் இதில் உருவாக்கி அவருக்குக் காட்ட முடியுமா? – மதுரை வாசகி

ப: தாரா சிங்கைத் தாராளமாகச் செய்யலாம். இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருவத்தில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். தாரா சிங்குக்கு உயரமான கட்டுடல், வெறும் டிரங்ஸ். கிங்காங்குக்கு (நிஜப் பெயர் எமில் சாயா, ஹங்கேரி வம்சத்தவர்) இருப்பதிலேயே பருத்த உடம்பு, தாடி. திரையே 240-க்கு 160 புள்ளிதான், அதில் புருவம் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செதுக்கி என்ன ஆகப்போகிறது?

உண்மையான வேலை அடுத்து வருகிற பக்கங்களில்தான். மூச்சு மீளும் வேகத்தைத் தாரா சிங்குக்கு வேகமாகவும் கிங்காங்குக்கு மந்தமாகவும் வையுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் ஆடும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சதவீதம் போடும் பகுதி வரும். எதிராளி தெம்பாக இருக்கும்போது எந்தப் பிடி எத்தனை சதவீதம், பாதி அடிபட்டிருக்கும்போது எத்தனை, துவண்ட பிறகு எத்தனை, கீழே கிடந்தால் என்ன, மூலையில் சாய்ந்தால் என்ன என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனியாக நூறைப் பங்கிட வேண்டும். தாரா சிங் என்றாலே கிங்காங் என்ற அந்த மலையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டதைத்தான் பெரியவர்கள் சொல்வார்கள், இல்லையா? அந்தத் தூக்கலுக்கு முதல் நிலையில் சுழியம், நடுவில் ஐந்து, கடைசியில் நாற்பது கொடுங்கள். ஆரம்பத்தில் கழுத்துப்பிடி, கைமுறுக்கு மட்டும் இருக்கட்டும். கிங்காங்குக்குக் கயிற்றின் மேல் ஏறிக் குதிக்கும் வேலை எதையும் கொடுக்காதீர்கள், நசுக்குவதும் மோதுவதும் போதும்.

எல்லாத் திறனையும் உச்சத்தில் வைக்கும் ஆசை வரும். தாரா சிங் 1968-ல் பம்பாயில் அமெரிக்க மல்யுத்த வீரர் லூ தெஸையே வென்றவர் ஆயிற்றே, கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்தால் மேட்ச் இரண்டு நிமிடத்தில் முடிந்து தாத்தா முகம் சுளிப்பார். தாரா சிங்குக்கும் ஒரு பலவீனம் விடுங்கள், கழுத்து சீக்கிரம் வலிக்கட்டும். பிறகு இருவரையும் கம்ப்யூட்டரிடமே விட்டு, நீங்களும் தாத்தாவும் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதல் மேட்ச் கேவலமாகத்தான் இருக்கும். சதவீதத்தை அங்கே இங்கே மாற்றி மறுபடி விட வேண்டும். இந்த கேமின் பாதி சுகமே அந்தத் திருத்துவதில் இருக்கிறது, பட்டனைத் தொடாமலே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கே: ‘ஃபயர் ப்ரோ’ யார் செய்தது, எந்தக் கருவியில் ஆடுவது? – திருச்சி வாசகர்

ப: 1989-ல் ஜப்பானில் ஹியூமன் என்ற நிறுவனம் பி.சி. எஞ்ஜின் கருவிக்காகத் தொடங்கியது. ஹியூமன் மூடிய பிறகு ஸ்பைக் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. நான் இங்கே பேசுவது 2001-ல் கேம் பாய் அட்வான்ஸ் வந்த சமயத்திலேயே வந்த பதிப்பு, இந்தத் தொடரில் முறைப்படி ஆங்கிலத்தில் வெளியான முதல் கேமும் அதுதான்.

முதல் மாடல் அட்வான்ஸில் திரைக்கு விளக்கு இல்லை, ஜன்னல் ஓரம் தேடி உட்கார வேண்டும். 2003-ல் வந்த எஸ்.பி. மாடலோ, நின்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான டி.எஸ். லைட்டோ கிடைத்தால் அதை எடுங்கள், டி.எஸ். லைட்டிலும் இந்த கேட்ரிட்ஜ் போகும். போலி கேட்ரிட்ஜ்கள் நிறைய உலவுகின்றன, அவற்றில் பலவற்றில் சேவ் நிற்காது. அதனால் வாங்கியதும் குப்பையாக ஒரு ஆளை உருவாக்கிச் சேமித்து, அணைத்து, மறுநாள் போட்டுப் பாருங்கள். அவன் இருந்தால் தாரா சிங்கை ஆரம்பிக்கலாம்.