சீற் சூடு எடுங்கள், சன்ரூஃபை விடுங்கள்: ஸ்காபரோவில் முதல் புதுக் கார் வாங்கும் தம்பிக்கு

தம்பி, போன வருடம் வந்து, இப்போது நிரந்தர வேலை கிடைத்து, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் புதுக் கார் பார்க்கப் போயிருக்கிறீர்கள். சீற் சூடு, ஸ்ரியரிங் சூடு, தூர நின்றே என்ஜினை ஓடவைக்கும் றிமோட் ஸ்ராட்டர், கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃப், லெதர் எல்லாம் சேர்ந்த 'கொம்ஃபோட் பக்கேஜ்' எடுப்பதா விடுவதா என்று கேட்கிறீர்கள். எந்தக் கம்பனி, என்ன நிறம், ஹைபிரிட்டா பெற்றோலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பக்கேஜ் விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன். புதிதாக வருகிறவர்களின் காசு கரைவதை நான் அதிகம் பார்த்தது அங்கேதான்.

சீற் சூட்டையும் ஸ்ரியரிங் சூட்டையும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். காரின் ஹீற்றர் என்ஜின் சூட்டை எடுத்துத்தான் வேலை செய்கிறது. இரவு முழுக்க மைனஸ் 20இல் வெளியே நின்ற கார் என்றால், என்ஜின் சூடாகும்வரை அது குளிர்காற்றைத்தான் ஊதும். சீற்றுக்குள் இருப்பது மின்சாரத்தில் சூடாகும் கம்பி. ஒன்றிரண்டு நிமிடத்தில் முதுகில் சூடு தெரியும். விறைத்த கையோடு பனியில் வண்டி திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் ஸ்ரியரிங் சூட்டின் அருமை விளங்கும். இந்த இரண்டுக்கும் கொடுக்கும் காசு வீணில்லை.

ஆனால் இந்த இரண்டையும் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். 'அடுத்த ட்ரிம்மில்தான் வரும்' என்பார்கள். ட்ரிம் என்றால் ஒரே காரின் வசதி கூடக் குறைந்த விலைப்படிகள். அந்த அடுத்த ட்ரிம்மில் சன்ரூஃபும் லெதரும் 18 அங்குல வீலும் ஒட்டிக்கொண்டு வரும். வீலைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 16 அங்குலத்துக்கு ரயர் வாங்குவதை விட 18க்கு வாங்குவது விலை கூட. இங்கே வெயிலுக்கு ஒரு செற், பனிக்கு ஒரு செற் என்று இரண்டு செற் வாங்க வேண்டும், கார் இருக்கும்வரை அந்தச் செலவு தொடரும். லெதர், சீற் சூட்டைப் போட மறந்த ஜனவரிக் காலையில் பனிக்கட்டிமேல் இருந்த மாதிரி இருக்கும். துணி சீற் எவ்வளவோ மேல். சன்ரூஃபைத் திறக்கும் மாதங்கள் இங்கே குறைவு. தண்ணீர் வடிகிற குழாயில் இலை குப்பை அடைத்தால் கூரையிலிருந்து உள்ளே ஒழுகும். அதனால் கம்பனியின் கனடா இணையத்தளத்தில் ஒவ்வொரு ட்ரிம்மாகப் பாருங்கள். சீற் சூடு எந்த ட்ரிம்மில் தொடங்குகிறதோ அங்கே நில்லுங்கள்.

அப்புறம் சாவி. பொக்கற்றில் இருந்தாலே கதவு திறக்கும் சாவியும் பெரும்பாலும் இந்தப் பக்கேஜில்தான் வரும். வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சாவியை மாட்டி வைத்தால், கள்ளர் அதன் சிக்னலை வெளியிலிருந்தே பிடித்துப் பெருக்கி, கார் வரை கடத்தி, கதவைத் திறந்து காரைக் கொண்டுபோய்விடுவார்கள். சிக்னலை மறைக்கும் பை விற்கிறார்கள், இரவில் அதற்குள் போட்டு வையுங்கள். றிமோட் ஸ்ராட்டர் இருந்தால், வீட்டோடு ஒட்டின கராஜுக்குள் காரை ஒருநாளும் ஓடவிட வேண்டாம். புகை வீட்டுக்குள் வந்தால் உயிர் ஆபத்து. ரொறன்ரோ நகரசபை விதிப்படி, ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடவும் கூடாது. போனிலிருந்து ஸ்ராட் செய்யும் வசதி என்றால், எத்தனை வருடம் இலவசம், பிறகு மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். 2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீற் சூட்டுக்கே மாதக் கட்டணம் வைத்துப் பார்த்து, எதிர்ப்பு வந்து 2023இல் கைவிட்டது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, டீலரிடம் கடன் பத்திரம் எழுதும் பைனான்ஸ் அறையில் நடக்கிற வேலையைப் பார்த்துத்தான். விலை பேசி முடித்து, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் வருவார். துருத்தடுப்பு, சீற்றுக்குப் பூச்சு, ரயருக்கு நைட்ரஜன், கூடுதல் வாரன்ரி. இவை எதுவும் தொழிற்சாலையில் பூட்டி வருவதில்லை, டீலர் சேர்ப்பவை. 'இரண்டு கிழமைக்கு 12 டொலர்தான் அண்ணை' என்பார். 84 மாதக் கடனில் அது 182 தவணை, 2,184 டொலர். 'எங்கட பெடியன்தானே' என்று நம்பிக் கையெழுத்து வைத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தமிழ் பேசுகிறார் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் விட வேண்டாம். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் டீலரிடம் வாங்கிய காரை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் சட்டத்தில் இல்லை. ஆனால் விளம்பரத்தில் போட்ட விலைக்குள், 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் தவிர, டீலர் வாங்கப்போகிற எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேலே 'அட்மின்' என்று ஏதாவது சேர்த்தால், கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் என்ற மேற்பார்வை அமைப்பின் பெயரைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

நான் தொண்ணூறுகளின் நடுவில் வந்தவன். முதல் கார் கைமாறிக் கைமாறி வந்த இரண்டு கதவுக் கார், பின் கண்ணாடிச் சூடு வேலை செய்யாது. உள்ளே விட்ட மூச்சே கண்ணாடியில் உறைந்துவிடும். கொழும்பு லொட்ஜில் இருந்த அம்மாவோடு கதைக்க வாங்கி, காசு முடிந்த போன் காட்டால்தான் உள்பக்கம் சுரண்டுவேன். விடியப்புறம் எக்லின்ரன் வீதியில், மடியில் போர்வையோடு தொழிற்சாலைக்குப் போவேன். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. அந்தக் காரை வைத்தே இந்த ஊர்ப் பனியில் ஓட்டப் பழகினேன். இப்போது சிலர் வந்த மறுவருடமே கல்யாண மண்டப வாசலில் நிறுத்திக் காட்ட, எல்லாப் பக்கேஜும் போட்ட பெரிய எஸ்.யூ.வி. எடுக்கிறார்கள். அந்தத் தவணைக்காகவே சனி ஞாயிறும் வேலைக்கு ஓடுகிறார்கள். பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நாள் போய்விடுகிறது, அதுதான் எனக்குக் கவலை.

பெரிய ட்ரிம்மை விட்டு மிஞ்சும் காசில் வின்ரர் ரயர் வாங்குங்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் ரப்பர் இறுகி, பிடிப்பு குறையத் தொடங்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். இங்கே கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் ஒன்ராறியோ இன்சூரன்ஸ் கம்பனிகள் அதற்குக் கட்டணக் கழிவு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ரயர் மாற்ற ஒக்டோபரிலேயே கடையில் நேரம் பதிந்து வையுங்கள். முதல் பனி கொட்டிய அன்று போனால் இடம் கிடைக்காது.